நாள்பட்ட தோல் நோயும் பத்தியமும்: எதை விடணும், எதைச் சேர்க்கணும்?

கொன்றை (இழையைத் தொடங்கியவர்)

சொரியாசிஸ், எக்ஸிமா, ஆறாத வாய்ப்புண், கழுத்துக் கறுப்பு என்று எது வந்தாலும் நம் ஊரில் முதலில் கைக்கு வருவது ஒரு பட்டியல்தான். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, எல்லாமே கரப்பான் பண்டம். கஞ்சியும் ரசமும் மிளகுச் சாதமுமாக மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தோல் தேறாது, உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகும்.

இந்த இழையில் மூன்று கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். எந்தச் சத்துக் குறைவு நேரடியாகத் தோலைக் கெடுக்கும்? எந்த நோய்க்கு உணவை மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டு? எதைச் சோதித்து, எவ்வளவு, எத்தனை நாள் எடுக்கணும்? அளவும் காரணமும் சேர்த்து எழுதுங்கள். "எனக்குத் தெரிஞ்சவருக்குக் கேட்டுச்சு" வகைப் பதிவுகள் வேண்டாம்.

தோல்மருத்துவர்

நல்ல கேள்வி. அளவுக்குப் போகும் முன் இடத்தைப் பாருங்கள். எந்தச் சத்து குறைகிறது என்பதைப் பெரும்பாலும் தோல் கெட்ட இடமே காட்டிவிடும். கறுப்பையே எடுத்துக்கொள்வோம். மூன்று வகைக் கறுப்பை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தப்பான மாத்திரையில் போய் நிற்கிறார்கள்.

முதல் வகை, வெயில் படும் இடத்தில் மட்டும் வரும். புறங்கை, முன்கை, கழுத்தைச் சுற்றிக் காலர் மாதிரி, பாதத்தின் மேல்பக்கம். ஓரம் கோடு கிழித்த மாதிரி தெளிவாக இருக்கும். சட்டைக் கையும் செருப்பு வாரும் மறைத்த இடம் மட்டும் நல்ல தோலாகத் தப்பியிருக்கும். இடது வலது இரண்டும் ஒரே மாதிரி. தொடக்கத்தில் சிவந்து எரியும், பிறகு தடித்துக் கறுத்து வெடிக்கும். கூடவே நாக்கு சிவந்து வழவழப்பாகும், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, மறதி, குழப்பம். இது பெல்லாக்ரா, அதாவது நியாசின் (விட்டமின் பி3) குறைவு. இன்று பெரும்பாலும் நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் பார்க்கிறோம். வெயில் அலர்ஜி என்று ஸ்டீராய்டு களிம்பைத் தடவிக்கொண்டே இருந்துவிடுவார்கள். அடியில் இருக்கும் நோய் மூளைவரை போய் உயிரையே எடுக்கும்.

இரண்டாவது, மடிப்புகளில். பின்கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. தொட்டால் வெல்வெட் மாதிரி தடிப்பு. எரிச்சல் இல்லை, செதில் இல்லை. பக்கத்திலேயே சின்னச் சின்ன மருக்கள் தொங்கும். இது அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். இது அழுக்கு இல்லை, நாரோ கல்லோ வைத்துத் தேய்த்தால் இன்னும் கறுக்கும். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருப்பதன் அடையாளம். விட்டமின் மாத்திரை எதுவும் இதற்கு வேலை செய்யாது. எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பாருங்கள், உடல் எடையைப் பாருங்கள். எடை குறையக் குறையத் தடிப்பு இறங்கும். அதிக எடை இல்லாமல், நடுவயதுக்கு மேல், திடீரென்று வேகமாகப் பரவி உள்ளங்கையும் தடித்தால் மட்டும் உள்ளே புற்று இருக்கிறதா என்று தேடணும்.

மூன்றாவது, விரல் மூட்டுகளின் மேல். நகத்தைச் சுற்றி, உள்ளங்கை ரேகைகளில், சிலருக்கு நாக்கிலும் திட்டுத் திட்டாக. இளவயதிலேயே நரை, கால் மரமரப்பு, நடக்கும்போது தடுமாற்றம் சேர்ந்திருந்தால் பி12 குறைவு என்ற சந்தேகம் முதலில் வரணும். சரியாக மருந்து கொடுத்தால் சில வாரங்களில் வெளுக்கத் தொடங்கி, சில மாதங்களில் பழைய நிறம் வரும். ஒரு வெளுப்புக் களிம்பும் தேவையில்லை.

அஞ்சறைப்பெட்டி

உணவியல் பக்கத்திலிருந்து பெல்லாக்ராவுக்கு ஒரு விளக்கம். மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கு, ஆனா உடம்பு எடுத்துக்க முடியாதபடி கட்டுண்டு கிடக்கு. மெக்சிகோ பக்கம் காலங்காலமா சுண்ணாம்புத் தண்ணியில வேகவச்சு அரைக்கிறதால அந்தக் கட்டு விடுபடுது. அந்தப் பக்குவம் இல்லாம தானியத்தை மட்டும் கொண்டுபோன இடங்கள்ல நோயும் கூடவே போச்சு. அமெரிக்காவின் தென் மாநிலங்கள்ல இதைத் தொற்றுநோய்னே நினைச்சாங்க. 1914, 1915 வாக்கில் கோல்ட்பெர்கர் என்ற அமெரிக்க அரசு மருத்துவர் அனாதை இல்லங்கள்ல பால், முட்டை, இறைச்சி, பயறு சேர்த்துக் கொடுத்து நோயை நிறுத்திக் காட்டினார். எதையும் விலக்கல, சேர்த்தார். இந்த இழைக்கே அதுதான் முக்கியம்னு நினைக்கிறேன்.

நம்ம பக்கத்துல, தக்காணத்துல வெறும் சோளத்தை நம்பி இருந்த ஏழைக் கூலிக்காரங்ககிட்ட பெல்லாக்ரா இருந்துச்சு. ஐதராபாத்தில் சத்துணவு ஆய்வாளர்கள் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் சோளத்தில் அதிகமா இருக்கிற லியூசின் என்ற அமினோ அமிலத்தைக் காரணமாச் சொன்னாங்க. அந்தக் காரணம் பற்றி அப்புறம் விவாதம் நடந்தது வேற கதை. நடைமுறைக்குத் தேவையானது இதுதான்: டிரிப்டோபேன் என்ற இன்னொரு அமினோ அமிலம் 60 மி.கி. இருந்தா உடம்பு அதிலிருந்து 1 மி.கி. நியாசின் செஞ்சுக்கும். டிரிப்டோபேன் பால், முட்டை, இறைச்சி, பருப்புல இருக்கு. வேர்க்கடலையில் நியாசினே நேரடியா நிறைய இருக்கு. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு முட்டை, ரெண்டு டம்ளர் பால் இருக்கிற சாப்பாட்டுல பெல்லாக்ரா வராது. பத்தியப் பட்டியல்ல முதல்ல வெட்டுறது இந்த மூணையும்தான்.

மருந்துச்சீட்டு

மருந்தகப் பக்கத்துக் குறிப்புகள்.

பெல்லாக்ராவுக்குக் கொடுப்பது நியாசினமைடு என்ற நியாசின் வடிவம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 300 மி.கி., 100 மி.கி.யாக மூன்று வேளை, 3 முதல் 4 வாரம். பெட்டியில் "நிகோடினிக் ஆசிட்" என்று போட்டிருந்தால் அது நியாசினின் வேறு வடிவம். முகம் சிவந்து உடம்பு கொதிக்கும், அலர்ஜி என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நாக்கும் வயிறும் ஓரிரு நாளிலேயே தேறும், தோலுக்கு வாரங்கள் ஆகும். நியாசின் மட்டும் தனியாகக் குறைவதில்லை, ஆகவே பி காம்ப்ளெக்ஸும் சேர்த்துத்தான். குடிப்பழக்கம் உள்ளவருக்கு தயமின் (பி1) கட்டாயம், அதுவும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றும் முன்னாலேயே. மாற்றிச் செய்தால் மூளை பாதிக்கும்.

காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்கள் கவனிக்கணும். அது பி6ஐக் குறைக்கும், பி6 குறைந்தால் உடம்பு நியாசின் செய்வதும் குறையும். காசநோய் மருந்தோடு பிரிடாக்ஸின் (பி6) மாத்திரையும் கொடுப்பார்கள், அதைத் தேவையில்லை என்று ஒதுக்கி வைக்காதீர்கள். அந்த மருந்து எடுக்கும்போது புறங்கை கறுத்து எரிந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் கொடுத்தவரிடம் காட்டுங்கள்.

வேலிப்பருத்தி

டாக்டர், பி12க்குப் பழைய சோறு போதும்னு நிறையப் பேர் பகிர்றாங்க. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையும் விக்கிறாங்க. சைவம் மட்டும் சாப்பிடுறவங்க அதை நம்பலாமா?

அஞ்சறைப்பெட்டி

நம்பி இருக்க முடியாது வேலிப்பருத்தி. தாவர உணவுல பி12 இல்லை. சுருள்பாசியில் இருக்கிறது பெரும்பாலும் போலி பி12, நம்ம உடம்புக்குப் பயன்படாது. பழைய சோறு நல்ல சாப்பாடு, ஆனா பி12 குறைவைச் சரிசெய்ய அது வழி இல்ல.

பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேல தேவை. 200 மி.லி. பாலில் கிட்டத்தட்ட 1 மைக்ரோகிராம். ஒரு முட்டையில் அரை மைக்ரோகிராம். மத்தி மீன் 50 கிராமே ஒரு நாள் தேவையைத் தாண்டிடும். அதனால பால், தயிர், மோர் தினமும் அரை லிட்டர் அளவுக்குச் சேர்க்கிற சைவக்காரங்க ஓரளவு தப்பிச்சுடுவாங்க. "தோலுக்குப் பால் ஆகாது"ன்னு அதையும் நிறுத்தினா அவங்களுக்கு வழியே இல்ல. ஆனா கல்லீரல்ல சேமிப்பு இருக்கிறதால குறைவு தெரியறதுக்கு வருஷக்கணக்கில் ஆகலாம், காரணத்தையும் நோயையும் யாரும் இணைச்சுப் பார்க்க மாட்டாங்க.

சென்ட்ரிஃபியூஜ்

ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில், முடிவு தப்பாக வரும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பி12: ஊசி போட்ட பிறகு வந்து ரத்தம் கொடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் ரத்தம், பிறகு ஊசி. 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200 முதல் 300 வரை ஐயத்துக்குரிய இடம். அப்போது ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்த்து உறுதி செய்யலாம்.

ஃபெரிட்டின்: இரும்புச் சேமிப்பைக் காட்டும். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தால் பொய்யாக ஏறும். சொரியாசிஸ், சீழ்பிடித்த எக்ஸிமா எல்லாம் அழற்சிதான். ஆகவே கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி சோதனையும் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல்படி, நலமாக உள்ள பெரியவருக்கு 15க்குக் கீழே குறைவு. அழற்சியோ தொற்றோ இருந்தால் 70க்குக் கீழே என்றாலே குறைவு என்று எடுக்கணும். "ஃபெரிட்டின் 40, நார்மல்" என்று வீட்டுக்குப் போகும் சொரியாசிஸ் நோயாளிக்கு உண்மையில் இரும்பு தீர்ந்திருக்கலாம்.

ஜிங்க்: இதுதான் அதிகம் கெட்டுப்போகும் சோதனை. சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலேயே ஜிங்க் உண்டு. நுண்கனிமத்துக்கான அடர்நீல மூடிக் குழாய் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கணும். சிவப்பணு உடைந்தால் எண் ஏறும், அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவாக இருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ எண் இறங்கும். ஆகவே அல்புமின் சேர்த்துப் பாருங்கள். அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் நொதிக்கு ஜிங்க் தேவை, ஈரல் சோதனையில் அந்த எண் வயதுக்கு மீறிக் குறைந்திருந்தால் அதுவே ஒரு துப்பு.

கடைசியாக பயோட்டின். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற மாத்திரையில் 5 முதல் 10 மி.கி. வரை இருக்கும். ஒரு நாள் தேவை 30 முதல் 40 மைக்ரோகிராம்தான், அதாவது நூறு மடங்குக்கு மேல். நிறைய ஹார்மோன் சோதனைகள் பயோட்டினை வைத்தே இயங்குபவை. இந்த மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் தைராய்டு சோதனையில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து, டி4 பொய்யாக ஏறி, இல்லாத தைராய்டு நோய் இருப்பதாகக் காட்டும். மாரடைப்புக்கான டிரோபோனின் பொய்யாகக் குறையும். இதைத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. சோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

கொன்றை

ரொம்பப் பயனுள்ள பதிவு, சென்ட்ரிஃபியூஜ். ஜிங்க் யாருக்கு உண்மையில் தேவை? பருவிலிருந்து முடி உதிர்வு வரை எல்லாவற்றுக்கும் 50 மி.கி. மாத்திரையைப் பரிந்துரைக்கிறார்களே.

அரும்பு

குழந்தை மருத்துவப் பக்கத்திலிருந்து இதற்குப் பதில். ஜிங்க் குறைவுக்குத் தெளிவான முகம் உண்டு. வாயைச் சுற்றி, கண்ணைச் சுற்றி, மலவாயைச் சுற்றி, கை கால் விரல்களில் சிவந்த, ஓரத்தில் பொருக்குள்ள புண். கூடவே பேதி, முடி கொட்டுதல், ஓயாத சிணுங்கல். டயப்பர் புண் என்று பூஞ்சைக் களிம்பு தடவித் தடவிக் கேட்காத குழந்தைக்கு வாயோரத்திலும் அதே புண் இருந்தால் உடனே ஜிங்க் பாருங்கள்.

எப்போது தொடங்கியது என்று தாயிடம் கேளுங்கள். தாய்ப்பால் குடிக்கும்வரை நன்றாக இருந்து, நிறுத்திய பின் வந்தால் பிறவியிலேயே குடல் ஜிங்கை உறிஞ்ச முடியாத அக்ரோடெர்மடைடிஸ் என்டரோபதிகாவாக இருக்கலாம். நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 3 மி.கி. ஜிங்க் வீதம், வாழ்நாள் முழுக்க. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வந்தால் பாலில் ஜிங்க் குறைவாக இருக்கலாம், அல்லது குறைமாதக் குழந்தையாக இருக்கும். இதற்குச் சிறிய அளவில் சில மாதங்கள் போதும், இணை உணவு ஆரம்பித்த பின் நிறுத்திவிடலாம். இரண்டிலும் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே குழந்தையின் சிணுங்கல் நிற்கும், ஓரிரு வாரத்தில் புண் காயும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மாத்திரையில் எழுதியிருக்கும் எடை ஜிங்கின் எடை அல்ல. ஜிங்க் சல்ஃபேட் 220 மி.கி. என்றால் உள்ளே இருக்கும் ஜிங்க் 50 மி.கி. அளவுதான். அந்தக் கணக்கில் தவறினால் குழந்தைக்கு நாலு மடங்கு கூடவோ குறையவோ போய்விடும்.

மருந்துச்சீட்டு

பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். ஒரு நாளைக்கு 40 மி.கி. ஜிங்கைத் தாண்டி மாதக்கணக்கில் எடுத்தால் குடலில் செம்பு உறிஞ்சப்படாது. ரத்தசோகை வரும், வெள்ளணு குறையும், கால் மரத்து நடை தடுமாறும். பி12 குறைவு மாதிரியே இருக்கும், ஆனால் பி12 ஊசிக்குக் கேட்காது. "முடிக்கு" ஒரு மாத்திரை, "எதிர்ப்புச் சக்திக்கு" ஒன்று, மல்டிவிட்டமின் ஒன்று என்று மூன்றிலும் ஜிங்க் இருக்கும். அட்டையைத் திருப்பி மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

வேலிப்பருத்தி

சின்னப் பிள்ளைங்களுக்கு முழங்கை, முழங்கால்ல முள்ளு முள்ளா வருதே, அது விட்டமின் ஏ குறைவுதானே?

அரும்பு

பாதி சரி. முழங்கை, முழங்கால், புட்டத்தில் மயிர்க்கால்தோறும் கூம்பு மாதிரி புடைப்பு, நடுவில் கெட்டியான அடைப்பு, தடவினால் அரம் மாதிரி இருந்தால் அது ஃப்ரைனோடெர்மா. 1933இல் நிக்கல்ஸ் விட்டமின் குறைவு என்று விவரித்தார். பின்னால் பார்த்தபோது விட்டமின் ஏ மட்டும் காரணமல்ல என்று தெரிந்தது. பி விட்டமின்கள், லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு, மொத்தச் சாப்பாட்டின் போதாமை, அந்த இடத்தில் ஓயாத உராய்வு, எல்லாம் சேர்ந்ததுதான்.

கண்ணையும் பார்க்கணும். மாலையில் பார்வை மங்குகிறதா, வெண்விழியில் நுரை மாதிரி திட்டு உள்ளதா? இருந்தால் விட்டமின் ஏ அவசரம். ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட் உடனே, மறுநாள் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. 6 முதல் 12 மாதம் வரை அதில் பாதி. இது மருத்துவர் கையால் மட்டுமே. வழக்கமான தடுப்புக்கு 9 மாதத்தில் 1 லட்சம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் என்று 5 வயது வரை அரசு சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். எத்தனை டோஸ் போயிருக்கிறது என்று அட்டையைப் பார்க்காமல் வெளியில் வாங்கி ஊற்றாதீர்கள். தலைவலி, வாந்தி, உதடு வெடிப்பு எல்லாம் அளவு மீறியதன் அடையாளம். கர்ப்பிணிகள் நாளுக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் எடுக்கவே கூடாது, சிசுவுக்கு ஊனம் வரும்.

மேல்கையின் வெளிப்புறத்திலும் கன்னத்திலும் மட்டும் மெல்லிய மணல் மாதிரி இருந்தால் அது கெரட்டோசிஸ் பிலாரிஸ். பரம்பரை வாகு, சத்துக் குறைவு அல்ல. தொடையில் மயிர்க்காலைச் சுற்றி ரத்தப்புள்ளி, முடி சுருண்டு திருகு மாதிரி, ஈறு வீக்கம் என்றால் அது விட்டமின் சி குறைவு. டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுத் தனியாக வாழும் முதியவர்களிடம் இதைத் தேடுங்கள். நாளுக்கு ஒரு கொய்யா கொடுத்திருந்தாலே வந்திருக்காது.

அஞ்சறைப்பெட்டி

அரும்பு சொன்ன லினோலெயிக் அமிலத்துக்கு ஒரு அடுப்படிக் கணக்கு. ரேஷன் பாமாயிலில் அது 10 சதவீதம் அளவு, தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம்தான். நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்கு மேல, கடலை எண்ணெயில் 30 பக்கம். வீட்டுல பாமாயில் மட்டும் ஓடுதுன்னா, பிள்ளைக்குத் தினமும் 2 டீஸ்பூன் நல்லெண்ணெய் இட்லிப்பொடியிலோ சாதத்திலோ பச்சையா ஊத்துங்க. அதுல 4 கிராம் போல லினோலெயிக் அமிலம் போகும், சின்னப் பிள்ளைக்கு ஒரு நாள் தேவைக்குக் கிட்டத்தட்டச் சரி. முருங்கைக்கீரை, கேரட், பூசணி சமைக்கும்போதும் கொஞ்சம் எண்ணெய் வேணும். எண்ணெய் இல்லாம அவிச்சுக் கொடுத்தா, விட்டமின் ஏ ஆக மாறுற கரோட்டின் உள்ளே போகாது. "தோல் நோய்க்கு எண்ணெய் ஆகாது"ங்கிற பத்தியம் இந்த இடத்துல நேர் எதிரா வேலை செய்யுது.

இரும்புக்கும் ஜிங்குக்கும் எதிரி ஃபைடேட், தானியத்துலயும் பருப்புலயும் இருந்துக்கிட்டு ரெண்டையும் உறிஞ்ச விடாது. பருப்பை இரவு முழுக்க ஊறவச்சுத் தண்ணியைக் கொட்டுங்க. கேழ்வரகை 12 மணி நேரம் ஊறவச்சு ஒரு நாள் முளைகட்டுங்க. மாவு புளிச்சாலும் குறையும், அதனால இட்லி தோசை அன்றே அரைச்ச அடையை விட மேல். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறதை விட்டு ஒரு மணி நேரமாவது தள்ளுங்க. சாப்பாட்டோட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க.

தோல்மருத்துவர்

இரும்பு பற்றித் தோல் பக்கத்திலிருந்து. வெளியில் எந்தத் தடிப்பும் இல்லாமல் உடம்பு முழுக்க மாதக்கணக்கில் அரிப்பு, கடைவாய் வெடிப்பு, நகம் ஸ்பூன் மாதிரி குழிவது, தலைமுடி பரவலாக உதிர்வது, இவற்றுக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் அலர்ஜி மாத்திரை மட்டும் எழுதுவது தப்பு. கடைவாய் வெடிப்புக்கு ரைபோஃப்ளேவின் (பி2) குறைவும் காரணமாகலாம், பூஞ்சையும் ஆகலாம், பல்செட் சரியாகப் பொருந்தாமல் எச்சில் வழிவதும் ஆகலாம். ஒரு வாரம் பி காம்ப்ளெக்ஸ் எடுத்தும் ஆறாவிட்டால் மற்ற காரணத்தைத் தேடுங்கள்.

இரும்பு மாத்திரையை நாளுக்கு இரண்டு மூன்று என்று போட்டுக் குவிப்பதில் பலன் இல்லை. ஒரு டோஸ் போனவுடன் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஒரு நாளைக்கு அடுத்த டோஸை உறிஞ்சவிடாமல் தடுக்கும். மிதமான குறைவுக்கு 60 மி.கி. இரும்பு ஒருநாள் விட்டு ஒருநாள், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு எடுக்கலாம். வயிற்று எரிச்சலும் குறையும். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது, அவர்கள் தினமும் எடுக்கணும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். ஹீமோகுளோபின் தேறியவுடன் நிறுத்தாமல் இன்னும் மூன்று மாதம். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் மாத்திரையோடு விடாதீர்கள், குடலில் எங்கே ரத்தம் கசிகிறது என்று பார்க்கணும்.

மூலிகைத்திண்ணை

எல்லாம் சரிதான். ஆனால் பத்தியமே வீண் என்பது போல இழை போகிறது. கத்தரிக்காய், கருவாடு, இறால் சாப்பிட்டால் அரிப்பு கூடுகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனித்துத்தானே சொன்னார்கள்? சித்த மருத்துவத்தில் பத்தியம் மருந்து உண்ணும் காலத்துக்குத்தான், ஆயுள் முழுக்க அல்ல. அதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் இழுப்பது பின்பற்றுகிறவர்களின் தவறு.

தோல்மருத்துவர்

நீங்கள் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம் ஐயா, அதில் எனக்கு மறுப்பே இல்லை. காலவரம்பு இருக்கணும். இறால், நண்டு சிலருக்கு உண்மையான அலர்ஜி. கருவாடு, சரியாகக் குளிரூட்டாத மீன் இவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்து அரிப்பும் தடிப்பும் வரும். அவர்கள் கவனித்தது பொய்யில்லை. ஆனால் ஒருவருக்கு ஆகாதது எல்லோருக்கும் ஆகாது என்று பட்டியல் போடுவதுதான் பிரச்சினை.

பெரியவர்கள் சோதிக்கும் முறை இது. இரண்டு வாரம் சாப்பிட்டது, அரிப்பின் அளவு இரண்டையும் எழுதுங்கள். சந்தேகம் உள்ள ஒரே ஒரு பண்டத்தை மட்டும் 3 முதல் 4 வாரம் நிறுத்துங்கள். அதே நேரத்தில் களிம்பையோ சோப்பையோ மாற்றாதீர்கள், மாற்றினால் எதனால் தேறியது என்று தெரியாது. பிறகு அதே பண்டத்தை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டுப் பாருங்கள். திரும்ப வந்தால்தான் அது காரணம். வரவில்லை என்றால் தட்டில் திரும்ப வரட்டும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ வீட்டில் சோதிக்கவே கூடாது.

குழந்தைகளின் எக்ஸிமாவில் இன்னொரு ஆபத்து உண்டு. முட்டையும் பாலும் தொடர்ந்து சாப்பிட்டு வந்த பிள்ளைக்கு, ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜி சார்ந்த எதிர்ப்புப் பொருள்) இருக்கிறது என்பதற்காக மட்டும் அவற்றைப் பல மாதம் நிறுத்தினால், உடம்பின் பழக்கம் போய்விடும். திரும்பக் கொடுக்கும்போது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வரலாம். ஐஜிஇ இருப்பது அலர்ஜிக்குச் சமம் அல்ல. நூறு உணவுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் பேக்கேஜ் சோதனை பணவிரயம், ஐஜிஜி என்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று மட்டுமே காட்டும்.

கொன்றை

சொரியாசிஸ் பற்றி இன்னும் யாரும் முழுதாக எழுதவில்லை. பருவும் பாக்கி.

தோல்மருத்துவர்

சொரியாசிஸ் சத்துக் குறைவால் வரும் நோய் அல்ல. ஆனால் உணவால் ஏறி இறங்கும். அமெரிக்க தேசிய சொரியாசிஸ் அமைப்பின் மருத்துவக் குழு 2018இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதில் உறுதியானது ஒன்றே ஒன்று: அதிக எடை உள்ளவர் கலோரியைக் குறைத்து எடையை இறக்கணும். அப்போது நோயின் தீவிரமும் இறங்கும், மருந்தும் நன்றாக வேலை செய்யும். கோதுமையை நிறுத்துவது, ரத்தத்தில் குளூட்டன் எதிர்ப்புப் பொருள் உள்ளவர்களுக்கு மட்டும் மூன்று மாதச் சோதனை. விட்டமின் டி அளவு சரியாக உள்ளவருக்கு டி மாத்திரையால் சொரியாசிஸ் தேறாது. டியைச் சார்ந்த களிம்பு வேலை செய்வது வேறு விஷயம். மது நோயையும் ஏற்றும், சொரியாசிஸ் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவரின் ஈரலையும் கெடுக்கும்.

உடம்பு முழுக்கச் சிவந்து செதில் கொட்டும் நிலையில் மட்டும் எல்லாம் தலைகீழ். செதிலோடு புரதம், இரும்பு, ஃபோலிக் அமிலம் எல்லாம் போகிறது. கால் வீங்கும், அல்புமின் இறங்கும். அந்த நேரத்தில் கஞ்சிப் பத்தியம் வைப்பதைப் போல் கெடுதல் வேறில்லை. ஈரல், சிறுநீரகம் சரியாக இருந்தால் ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 72 முதல் 90 கிராம்.

பருவில் சர்க்கரை, மைதா, வெள்ளைச் சோறு குறைந்தால் ஓரளவு பலன் தெரியும். பால், குறிப்பாக ஜிம்மில் குடிக்கும் வே புரதப் பொடி, சிலருக்குப் பருவைக் கூட்டும். பி12 ஊசிக்குப் பிறகு திடீரென்று ஒரே மாதிரி பருக்கள் வரலாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர் விட்டமின் ஏ மாத்திரையைத் தொடவே கூடாது.

அஞ்சறைப்பெட்டி

90 கிராம் புரதம்னா பயமா இருக்கும், பிரிச்சுப் பார்த்தா எளிது. முட்டை ஒண்ணுக்கு 6, பால் 100 மி.லி.க்கு 3, பருப்பு பச்சையா 30 கிராமுக்கு 7, கோழிக்கறி பச்சையா 100 கிராமுக்கு 20. ரெண்டு முட்டை, அரை லிட்டர் பால், 60 கிராம் பருப்பு, 100 கிராம் கோழி, இதுலயே 60 தாண்டிடும். மிச்சம் சோறு, இட்லி, கடலையிலேயே வந்துடும்.

மருந்துச்சீட்டு

கவுன்டரில் திரும்பத் திரும்பக் காணும் இரண்டு தவறு. விட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரத்துக்கு ஒன்று, 8 வாரம். அதைத் தினமும் பாலில் கலக்கிக் குடிக்கிறார்கள். கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். இரண்டாவது, சொரியாசிஸுக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருநாள் மட்டும். கூடவே வரும் ஃபோலிக் அமிலம் வேறொரு நாள். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரை என்று மாற்றிப் போட்டு மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை நின்றுபோகும். மாத்திரை டப்பாவின் மேல் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

வேலிப்பருத்தி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கடைசியா ஒண்ணு. முதல் தடவை என்னென்ன சோதனை எடுக்கணும், மறுபடி எப்போ பார்க்கணும்?

சென்ட்ரிஃபியூஜ்

நாள்பட்ட தோல் பிரச்சினைக்கு முதல் சுற்று: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டினோடு சிஆர்பி, பி12, எச்பிஏ1சி, டிஎஸ்எச், அல்புமினும் அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸும் வரும் ஈரல் சோதனை. ஜிங்க், விட்டமின் ஏ எல்லாம் மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால் மட்டும்.

மறுபடி: இரும்பு தொடங்கி 4 வாரத்தில் ஹீமோகுளோபின், 3 மாதத்தில் ஃபெரிட்டின். நாலு வாரத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை, அல்லது உறிஞ்சவில்லை, அல்லது ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. எச்பிஏ1சியை 3 மாதத்துக்கு முன் பார்ப்பதில் பயன் இல்லை. பி12 ஊசி நடக்கும்போது பி12 எண்ணைத் திரும்பப் பார்க்க வேண்டாம், ரத்த எண்ணிக்கையும் விரல் மூட்டின் நிறமும் போதும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் அல்லது அசிடிட்டி மாத்திரை வருடக்கணக்கில் எடுப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பி12 பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மருந்தும் அதைக் குறைக்கும். காரணம் தெரியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை மறைந்து, நரம்புக் கோளாறு உள்ளே வளரும்.

அரும்பு

குழந்தைகளுக்கு ரத்தம் எடுக்கும் முன் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எடை, உயரம், கைச்சுற்றளவு. எக்ஸிமா உள்ள பிள்ளையின் எடை இரண்டு மாதமாக ஏறவில்லை என்றால், வீட்டில் எதையெதை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாம் கொடுக்கிறோம்" என்றுதான் முதலில் சொல்வார்கள். முட்டை? பால்? மீன்? கடலை? என்று கேட்டால்தான் வரும். கூடவே கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். கொக்கிப்புழு இருந்தால் கொடுக்கிற இரும்பெல்லாம் அதற்குத்தான் போகும். அல்பெண்டசோல் 2 வயதுக்கு மேல் 400 மி.கி., 1 முதல் 2 வயது வரை 200 மி.கி., ஒரே டோஸ்.